நிவாரணப் பொருள் வழங்கும் பணி: சிறு தொண்டு நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பேரிடர் நேர்ந்த மறுநாளே லாரியில் பொருளை ஏற்றிக்கொண்டு புறப்படுவதுதான் நிவாரணப் பணியின் முதல் படி என்று புதிதாகச் சேரும் தன்னார்வலர்களில் பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் லாரி எட்டாவது படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய படிகளைத் தாண்டிச் சென்ற குழுக்கள் ஒரே தெருவில் மூன்று முறை போர்வை கொடுத்ததையும், அடுத்த தெருவில் குடிநீரின்றி இருந்தவர்களைப் பார்க்காமலேயே திரும்பியதையும் நேரில் கண்டிருக்கிறேன்.

ஆண்டு முழுவதும் ஒரு பகுதியில் மருத்துவ முகாம், மாலை வகுப்பு, மகளிர் குழு, முதியோர் உதவி போன்ற சமூகத் திட்டங்களை நடத்திவந்து, வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ நேரும்போது அதே பகுதியில் சில நூறு குடும்பங்களுக்கு உதவ விரும்பும் நிறுவனத்துக்காக இது எழுதப்பட்டுள்ளது. தேடுதலும் மீட்பும் இதில் இடம்பெறவில்லை. அவை பயிற்சி பெற்ற படையினர் செய்ய வேண்டியவை.

1. பேரிடருக்கு முன்பே: குடும்பப் பதிவேடும் சில கோப்புகளும்

பணம் இருந்தாலும் அவசரத்தில் வாங்க முடியாத ஒன்று, யார் எங்கே வசிக்கிறார்கள் என்ற விவரம். ஆகவே நிவாரணப் பணி, மழையில்லாத மாதங்களில் வீடு வீடாகச் செல்லும் உங்கள் சுகாதாரப் பணியாளரின் நோட்டுப் புத்தகத்தில் தொடங்குகிறது.

குடும்பத் தலைவரின் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்றோர், மாற்றுத்திறனாளிகள், தினமும் மருந்து உட்கொள்வோர், தனித்து வாழும் முதியோர் ஆகிய விவரங்கள் மட்டும் போதும். தேவைக்கு மேல் தகவல் சேர்த்தால் அதைப் புதுப்பிப்பதும் பாதுகாப்பதும் கடினமாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதிவேட்டைச் சரிபார்த்து, அச்சிட்ட ஒரு படியை நீர் புகாத உறையில் உயரமான இடத்தில் வையுங்கள். பேரிடர் நாளில் மின்சாரமும் இணையமும் இருக்கும் என்று கணக்கிட்டுப் பணியாற்றக் கூடாது.

இதனுடன் தன்னார்வலர்களின் தொடர்புப் பட்டியல், தார்ப்பாய், தண்ணீர் கேன் போன்றவற்றை விற்போருடன் முன்கூட்டியே பேசி வைத்த விலை விவரம், நிறுவனத்தின் பதிவுச் சான்றுகள், வங்கியில் கையெழுத்திடுவோரின் விவரம் ஆகியவற்றையும் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருங்கள். கையெழுத்திடும் உரிமை உள்ளவர்கள் குறைந்தது மூவராவது இருந்து, அவர்களில் எவரேனும் இருவர் கையெழுத்திட்டால் போதும் என்ற ஏற்பாடு நல்லது. எங்களிடம் ஒரு காலத்தில் இருவர் மட்டுமே இருந்தார்கள். வெள்ளத்தில் ஒருவரின் வீடே மூழ்கியதால், கணக்கில் பணம் இருந்தும் மூன்று நாட்கள் எதையும் வாங்க இயலவில்லை.

2. முதல் 24 மணி நேரம்: போவதா, எங்கே போவது

முதலில் உங்கள் தன்னார்வலர்களின் குடும்பங்கள் நலமா என்று விசாரியுங்கள். வீட்டில் கவலை இருப்பவரால் களத்தில் சரியாக முடிவெடுக்க இயலாது.

அடுத்து உள்ளாட்சி நிர்வாகத்தையும், அப்பகுதியில் ஏற்கெனவே பணியில் இறங்கியுள்ள அமைப்புகளையும் தொடர்புகொண்டு, எந்த இடத்தில் யார் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஊடகத்தில் அதிகம் காட்டப்படும் இடத்துக்கே எல்லோரும் செல்வதால், பெயர் வெளியே வராத குடியிருப்புகள் விடுபடுகின்றன. அந்தத் தாளில் எவரும் இல்லாத இடம் எதுவோ அதுதான் உங்கள் இடம். நீங்கள் ஆண்டு முழுவதும் பணியாற்றும் பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் தேர்வு இன்னும் எளிது.

தன்னார்வலரை அனுப்பும் முன் பாதுகாப்பு விதிகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே ஒரு பெரியவரை விழச் செய்யும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். அறுந்து கிடக்கும் மின்கம்பி இருக்கும் தெருவுக்குள் எக்காரணம் கொண்டும் நுழையக் கூடாது. தேங்கிய நீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால் ரப்பர் பூட்ஸ் கட்டாயம்; காலில் புண் உள்ளவருக்குக் கிடங்கு வேலை கொடுங்கள்.

3. தேவை மதிப்பீடு

இருவர் இருவராக மூன்று குழுக்கள் ஒரு நாள் நடந்தால் சில நூறு வீடுகள் கொண்ட பகுதியின் நிலை ஓரளவு புலப்படும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண் இருக்க வேண்டும். கழிப்பறை, மாதவிடாய்த் தேவை, இரவுப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிப் பெண்கள் ஆண்களிடம் பேசத் தயங்குவார்கள் என்பதோடு, ஆண்களும் அவற்றைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை: குடிநீர் எங்கிருந்து வருகிறது, சமைக்க அடுப்பும் எரிபொருளும் பாத்திரமும் உள்ளனவா, இரவு எங்கே தூங்குகிறார்கள், வயிற்றுப்போக்கு யாருக்கேனும் உள்ளதா, கடைகள் திறந்துள்ளனவா. கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆறாவது படியில் எடுக்க வேண்டிய முடிவு அதன் விடையையே சார்ந்துள்ளது.

இந்த நடையின்போது கையில் பொருள் எதையும் கொண்டுசெல்லாதீர்கள், வாக்குறுதியும் தராதீர்கள். பொருளைப் பார்த்தவுடன் கூட்டம் கூடும். அதன்பின் கிடைக்கும் விடைகள் அந்தப் பொருளைப் பெறுவதற்காகச் சொல்லப்படும் விடைகளாகிவிடும். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரைக் கண்டால் மட்டும் மதிப்பீட்டை நிறுத்திவிட்டு மருத்துவ உதவிக்கு அனுப்புங்கள்.

4. பயனாளிகள் பட்டியல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள். விநியோக நாளில் நிகழும் தள்ளுமுள்ளு, அடிதடி, அழுகை ஆகியவற்றில் பெரும்பகுதி, இரண்டு நாட்களுக்கு முன் பட்டியலில் செய்த பிழையிலிருந்து வருகிறது.

முதலில் தகுதி எது என்பதைத் தீர்மானியுங்கள். "பாதிக்கப்பட்டோர்" என்று எழுதினால் எல்லோரும் அதில் அடங்குவார்கள். "வீட்டுக்குள் முழங்கால் அளவுக்கு மேல் நீர் புகுந்த குடும்பங்கள்" என்றோ "கூரை இழந்த குடும்பங்கள்" என்றோ, எவரும் வந்து பார்த்து உறுதி செய்யக்கூடிய அளவுகோலை வையுங்கள். அதை எழுதி, பொதுவிடத்தில் ஒட்டி, கூட்டம் கூட்டிப் படித்தும் காட்டுங்கள். பட்டியலில் இல்லாதவருக்கும் தாம் ஏன் இல்லை என்பது தெரிந்தால் சினம் பாதியாகக் குறையும்.

பிறகு வீடு வீடாகச் சென்று பெயர் எழுதுங்கள். உள்ளூர்த் தலைவர் ஒருவரே எழுதிக் கொடுக்கும் பட்டியலை அப்படியே ஏற்பது, நான் கண்ட புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் செய்த பிழை. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் அவர் நினைவுக்கு வருவோர் மட்டுமே அதில் இருப்பர். வாடகைக்குக் குடியிருப்போர், வெளியூரிலிருந்து வந்த தொழிலாளர்கள், குடும்பத்தோடு பிணங்கித் தனியே வாழும் பெண்கள், அடையாள அட்டையை வெள்ளத்தில் இழந்தவர்கள் ஆகியோர் இருக்க மாட்டார்கள். அட்டை இல்லை என்பதற்காக எவரையும் நீக்காமல், அண்டை வீட்டார் இருவரின் சாட்சியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரே அடுப்பில் சமைத்து உண்போர் ஒரு குடும்பம் என்ற வரையறை நடைமுறைக்கு ஏற்றது. ஒரு கூரையின் கீழ் மூன்று அடுப்புகள் எரிந்தால் மூன்று குடும்பங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடாவிட்டால், எழுதும் ஒவ்வொரு தன்னார்வலரும் தமக்குத் தோன்றியபடி எண்ணி, ஒரே தெருவில் இருவேறு கணக்குகள் கிடைக்கும்.

எழுதி முடித்தபின் பத்தில் ஒரு வீட்டை, அங்கு எழுதாத வேறொருவரை அனுப்பிச் சரிபாருங்கள். பெயர்ப் பட்டியலை ஒரு நாள் மக்கள் பார்வைக்கு வைத்து, விடுபட்டோரைச் சேர்க்கவும் தவறாக நுழைந்தோரை நீக்கவும் அவகாசம் கொடுங்கள். பார்வைக்கு வைக்கும் பட்டியலில் பெயரும் தெருவும் மட்டும் இருக்கட்டும். நோய், இயலாமை, தொலைபேசி எண் போன்றவை உங்கள் கோப்பை விட்டு வெளியே வரக் கூடாது. பெயர் வெளியானாலே ஆபத்து உண்டாகும் நிலையில் உள்ளோரை, எடுத்துக்காட்டாக வன்முறையிலிருந்து தப்பி வந்து தங்கியிருப்போரை, பொதுப் பட்டியலில் சேர்க்காமல் தனியே அணுகுங்கள்.

5. எவ்வளவு தேவை என்று கணக்கிடுதல்

மனம்போன போக்கில் பொட்டலம் கட்டினால், உப்பு மூன்று கிலோவும் எண்ணெய் கால் லிட்டரும் சேர்ந்து போகும். உலகெங்கும் மனிதநேயப் பணியாளர்கள் பின்பற்றும் ஸ்ஃபியர் கையேட்டின் குறைந்தபட்ச அளவுகள் சிறு நிறுவனங்களுக்கும் பயன்படும். அவற்றை நூறு குடும்பங்களுக்கு, அதாவது குடும்பத்துக்கு ஐவராக 500 பேருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

தண்ணீர்: குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். ஆகவே 500 பேருக்கு 7,500 லிட்டர். குடிநீர்ப் புட்டிகளால் இதை ஈடுசெய்யவே முடியாது என்பது இந்த எண்ணைக் கண்டதும் விளங்கும். தண்ணீர் லாரியோ, கிணற்றைச் சுத்திகரிப்பதோதான் வழி. குழாய் ஒன்றுக்கு 250 பேர் என்ற கணக்கில் குறைந்தது இரண்டு குழாய்கள் தேவை. குளோரின் கலந்து அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். கலங்கிய நீரில் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்து வீணாகிவிடுவதால், முதலில் தெளியவைத்து வடிகட்டிய பின்னரே கலக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றுவோர் பலர்.

நீரை எடுத்துச் செல்லவும் சேமிக்கவும் குடும்பத்துக்கு 10 முதல் 20 லிட்டர் கொள்ளளவுள்ள கேன்கள் இரண்டு தேவை. வாய் குறுகிய கேனாக இருந்தால் கைவிட்டு அள்ள முடியாது. நீர் மீண்டும் மாசடைவது குறையும்.

கழிப்பறை: தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, நிலைமை சீரானதும் 20 பேருக்கு ஒன்று. நம் கணக்கில் முதலில் 10, பின்னர் 25. பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளும் வெளியே வெளிச்சமும் உள்ளதாக அமையுங்கள்.

உணவு: ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி. பரவலாகப் பயன்படும் அளவு, தானியம் 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், உப்பு 5 கிராம். இவை மட்டும் சுமார் 1,800 கிலோகலோரியே தருவதால் சர்க்கரை, சத்துமாவு போன்றவற்றால் மீதியை நிரப்ப வேண்டும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 15 நாட்களுக்குத் தானியம் 30 கிலோ, பருப்பு நாலரை கிலோ, எண்ணெய் சுமார் 2 லிட்டர் ஆகிறது. முப்பது கிலோ மூட்டையை ஒரு மூதாட்டியால் தூக்க முடியாது. பதினைந்து கிலோவாக இரண்டு பைகளில் கட்டுங்கள்.

தங்குமிடம்: ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட பரப்பு, ஐவருக்கு 17.5 சதுர மீட்டர். நிவாரணத்தில் வழக்கமாகத் தரப்படும் 4 மீட்டருக்கு 6 மீட்டர் தார்ப்பாய் ஒன்றின் பரப்பு 24 சதுர மீட்டர் என்றாலும், சரிவாகக் கட்டி ஓரங்களை மடித்தால் ஒன்று போதாது. இரண்டு கொடுப்பதே முறை. கயிறு இல்லாமல் தார்ப்பாய் மட்டும் கொடுத்த குழுவை நினைக்கும்போதெல்லாம், அது முதல் காற்றிலேயே பறந்துபோன காட்சி நினைவுக்கு வருகிறது.

சோப்பு: மாதத்துக்கு ஒருவருக்குக் குளிக்க 250 கிராம், துணி துவைக்க 200 கிராம்.

6. பொருளா, பணமா

அருகில் கடைகள் திறந்து, சரக்கும் வந்துகொண்டிருந்தால் பணமாகவோ கூப்பனாகவோ கொடுப்பதே பெரும்பாலும் சிறந்தது. ஒவ்வொரு வீட்டின் தேவையும் வேறு என்பதோடு, உள்ளூர் வணிகமும் மீண்டெழும். கடைகள் மூடியிருந்தாலோ, விலை கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தாலோ பொருளைக் கொடுங்கள்.

பணம் கொடுத்தால் தவறாகச் செலவழிப்பார்கள் என்ற தயக்கம் நிர்வாகக் குழுக்களில் எப்போதும் எழும். தேவையற்ற பொருள் கொடுக்கப்பட்ட இடங்களில் மக்கள் அதைப் பாதி விலைக்கு விற்றுத் தேவையானதை வாங்கியதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

7. நன்கொடை கேட்டல், வேண்டாதவற்றை மறுத்தல்

வேண்டுகோளில் "உதவுங்கள்" என்று மட்டும் எழுதாமல், ஐந்தாவது படியில் கிடைத்த எண்ணிக்கையையே எழுதுங்கள்: தார்ப்பாய் 200, கேன் 200, கடைசி நாள் இது. இலக்கு நிறைவேறியதும் நிறுத்தியதாக அறிவியுங்கள். இல்லையெனில் மூன்று வாரங்களுக்குப் பிறகும் பொருள் வந்து கிடங்கை அடைக்கும்.

பழைய துணிகளை ஏற்காதீர்கள். பிரிக்கவும் துவைக்கவும் ஆகும் உழைப்பு அவற்றின் பயனை மிஞ்சும். இறுதியில் அவை சாலையோரக் குப்பையாகும். மருந்தை மருத்துவர் கேட்டால் மட்டும், கேட்ட அளவில் வாங்குங்கள். வீடுகளில் எஞ்சிய மாத்திரைகளை எவரிடமிருந்தும் பெறாதீர்கள். குழந்தைகளுக்கான பால்பவுடரைப் பொதுவாக விநியோகிக்கவே கூடாது. தூய நீரும் கொதிக்கவைக்க வசதியும் இல்லாத இடத்தில் புட்டிப்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கிக் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும், தாய்ப்பாலும் குறைந்துவிடும். தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தைகளுக்கு மட்டும், சுகாதாரப் பணியாளரின் கண்காணிப்பில் தனி ஏற்பாடு செய்யுங்கள்.

8. கிடங்கும் லாரியும்

உயரமான, பூட்டக்கூடிய, லாரி பின்னோக்கி வந்து நிற்கக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து சற்று விலக்கி அடுக்குங்கள். ஈரமும் எலியும் அதனால் குறையும்.

வந்தது, போனது, இருப்பு என்ற மூன்று பத்திகள் கொண்ட பதிவேட்டை ஒருவரே எழுத வேண்டும். அவசரத்தில் "பிறகு எழுதலாம்" என்று எடுத்துக்கொடுத்த பொருளின் கணக்கு ஒருபோதும் நேராவதில்லை. லாரி புறப்படும்போது ஏற்றியவரும், சேரும்போது இறக்கியவரும் ஒரே சீட்டில் எண்ணிக்கையோடு கையெழுத்திடட்டும்.

9. விநியோக நாள்

முந்தைய நாளே வீட்டுக்குச் சென்று டோக்கன் கொடுங்கள். அதில் வரிசை எண்ணோடு வரவேண்டிய நேரமும் இருக்கட்டும். கணக்கு எளிது: 300 குடும்பங்கள், இரண்டு மேசைகள், குடும்பத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம் ஆகும். எல்லோரையும் காலை ஒன்பது மணிக்கு வரச்சொன்னால் கடைசிக் குடும்பம் பிற்பகல் இரண்டு மணி வரை வெயிலில் நிற்கும். மணிக்கு அறுபது குடும்பங்கள் எனப் பிரித்து அழையுங்கள்.

இடத்துக்கு நுழைவாயில் ஒன்றும் வெளியேறும் வாயில் வேறொன்றும் வேண்டும். ஒரே வாயில் இருந்தால், மூட்டையோடு வெளியே வருபவரும் உள்ளே நுழைபவரும் மோதிக்கொள்வதுதான் முதல் குழப்பமாக இருக்கும். வரிசை இதுதான்: டோக்கன் சரிபார்த்தல், பட்டியலில் கையொப்பம் அல்லது கைரேகை, பொருள் பெறுதல், வெளியே செல்லும் முன் எண்ணிச் சரிபார்க்க ஒரு மேசை. நிழலும் குடிநீரும் அமர இடமும் கட்டாயம். முதியோர், கருவுற்றோர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வருவோர் ஆகியோருக்குத் தனி வரிசை வையுங்கள். நடக்க இயலாதோரின் பொருளை மாலையில் வீட்டுக்கே கொண்டுசெல்லுங்கள்.

ஒரு குடும்பத்துக்கு என்னென்ன, எத்தனை என்பதை நுழைவாயிலில் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு மாதிரிப் பொதியையும் திறந்து வையுங்கள். தமக்கு உரியது எவ்வளவு என்று தெரிந்தவர்தாம் குறைவதைக் கேட்பார். "இவை இலவசம், எவருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம்" என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

லாரியின் மேலிருந்து பொருளை வீசக் கூடாது. வலிமையுள்ளோர் மட்டுமே அதைப் பிடிப்பார்கள். மிதிபட்டுக் காயமடைவோரும் உண்டு. கூட்டம் கட்டுக்கு மீறினால் நிறுத்தி, லாரியை மூடி, வேறொரு நாளை அறிவித்துவிட்டு வெளியேறுங்கள். பொருளைக் காப்பதற்காக எந்தத் தன்னார்வலரும் கூட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

புகைப்படம் பற்றி ஒரு சொல்: பொருளை நீட்டி, பெறுபவரை ஒளிப்படக் கருவியை நோக்கித் திரும்பச் சொல்வது அவருக்கு அவமானம். நன்கொடையாளருக்குக் காட்டப் படம் தேவையெனில் அடுக்கிய மூட்டைகளையும் பணியாளர்களையும் எடுங்கள். முகம் தெரியும் படத்துக்கு முன்னதாகவே, மறுத்தாலும் பொருள் கிடைக்கும் என்று சொல்லி, ஒப்புதல் பெறுங்கள்.

10. புகார் பெறுதல்

அதே இடத்தில், விநியோகத்தில் ஈடுபடாத ஒருவர் தனி மேசையில் அமர்ந்து புகார்களை எழுதிக்கொள்ளட்டும். பெட்டி மட்டும் வைத்தால் எழுதத் தெரியாதோரின் குரல் விடுபடும். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு வாரத்துக்குள் விடை சொல்ல வேண்டும். "முடியாது" என்பதும் விடைதான்.

பொருளுக்கு ஈடாகப் பணமோ பாலியல் இணக்கமோ கேட்கப்பட்டது என்ற புகாரை வேறுவகையில் கையாளுங்கள். அதை மேசையில் விசாரிக்காமல், அதற்கென முன்பே நியமிக்கப்பட்ட பொறுப்பாளரிடம் அன்றே இரகசியமாகச் சேர்த்து, குற்றம் சாட்டப்பட்டவரைக் களப்பணியிலிருந்து உடனே விலக்கிவைத்து, புகார் தந்தவர் விரும்பும் மருத்துவ, சட்ட உதவிக்கு வழிசெய்யுங்கள்.

11. கணக்கும் மறுவருகையும்

கிடங்குப் பதிவேடு, லாரிச் சீட்டு, கையொப்பப் பட்டியல் ஆகிய மூன்றும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். வந்தது 200, கொடுத்தது 192, கிழிந்தது 3, இருப்பு 5 என்றால் கணக்கு நேராகிறது. ஒன்று குறைந்தாலும் குறைந்தது என்றே எழுதுங்கள். சரிக்கட்டிய கணக்கைத் தணிக்கையாளர் எளிதில் கண்டுகொள்வார். அதன்பின் சரியாக எழுதிய பக்கங்களையும் அவர் நம்ப மாட்டார்.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு, பட்டியலிலிருந்து குலுக்கலில் எடுத்த முப்பது வீடுகளுக்குச் செல்லுங்கள். பொருள் முழுமையாக வந்ததா, பயன்பட்டதா, விற்கப்பட்டதா, எதற்காக விற்றார்கள், எது வந்திருந்தால் உதவியிருக்கும் என்று கேளுங்கள். விநியோகத்தில் நின்றவர்களை இதற்கு அனுப்பாதீர்கள். கொடுத்த கையையே பார்த்துக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

12. வழக்கமான திட்டங்களுக்குத் திரும்புதல்

முதல் மாதம் முடிவதற்குள் நிவாரணத்தை எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்து, நிறுத்தும் நாளை மக்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாலை வகுப்பை இயன்றவரை விரைவில் மீண்டும் தொடங்குங்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பொழுது திரும்புவதோடு, பெற்றோர் வீட்டைச் சீர்செய்யவும் வேலைக்குச் செல்லவும் நேரம் கிடைக்கும். தொழில் கருவியை இழந்த தையலருக்கு இரண்டாவது முறை உணவுப் பை கொடுப்பதைவிடத் தையல் இயந்திரத்தைப் பழுது பார்த்துக்கொடுப்பது நீண்ட நாள் பயன்படும்.

மறுவருகையில் கிடைத்த திருத்தங்களையும், பட்டியல் எழுதும்போது முதன்முறையாகத் தெரியவந்த குடும்பங்களையும் முதல் படியில் சொன்ன பதிவேட்டில் சேர்த்து, அச்சிட்ட பழைய படியை அழித்துவிட்டுப் புதிய படியை உறையில் இட்டு, அடுத்த சரிபார்ப்பு நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.